மரியசெல்வி அக்காவின் கத்திச்செடி

மரியசெல்வி அக்காவை எங்கள் வண்ணமீன் கடைக்கு முதன்முதலாக அழைத்து வந்தது ஒரு செத்த மீன். பால் பாக்கெட் கவரில் அதைப் போட்டு, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்து கல்லாவுக்கு முன்னால் நின்றாள். ஐம்பதைத் தொட்ட வயசு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு மாதா சுரூபம், காலில் ஆண்பிள்ளைச் செருப்பு.

“மதினி இதக் குடுத்துட்டு வேற வாங்கிட்டு வரச் சொன்னாக.”

“செத்த மீனுக்கு மாத்து மீன் குடுக்க நாங்க என்ன பல்பு கடையா வச்சிருக்கோம்?” என்றேன்.

என் வாய் அப்படி. திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே காய்வண்டிக்காரர் தராசைத் துடைத்துக்கொள்வார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என் அம்மா சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டார். வந்தவள் என்னோடு மல்லுக்கு நிற்கவில்லை. கவரை மறுபடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

“சரி தாயி, நான் போறேன். கடைக்காரம்மா திட்டுனாகன்னு சொல்லிக்கிறேன். செத்த நேரம் மட்டும் இங்கன உக்காந்துட்டுப் போகட்டா? உடனே திரும்புனா, கேக்காமயே வந்துட்டேன்னு சொல்லுவாக.”

எனக்குச் சுருக்கென்றது. திட்டு வாங்கியதற்குக் கூட அத்தாட்சி காட்ட வேண்டிய வீட்டிலிருந்து வந்திருக்கிறாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன். டீ சொன்னேன். மாத்து மீனும் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் நாசர் கிளினிக்குகளுக்கும் நகைக்கடைகளுக்கும் தொட்டி கழுவப் போய்விடுவார், பகலில் கடையில் நான்தான். பேச ஆள் கிடைத்தால் விடுவேனா? அன்றைக்கே பாதிக் கதையைப் பிடுங்கிவிட்டேன்.

அக்காவுக்கு இருபது வயசில் கல்யாணம். மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை என்று போனவன், அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். பிள்ளை இல்லை. ஒரு தகரப் பெட்டியோடு அண்ணன் ஆண்டனிராஜ் வீட்டுக்குத் திரும்பினாள். ஆண்டனிராஜ் பள்ளிக்கூட வாத்தியார், குரல் உயர்த்தத் தெரியாத மனுசர். குரல் உயர்த்த வேண்டிய இடத்திலும் உயர்த்த மாட்டார், அதுதான் அவரோடு உள்ள சிக்கல். அவருடைய மனைவி ரூபி. அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, காய்ச்சலுக்குக் கண்விழித்து ஆளாக்கியது மரியசெல்வி அக்கா. பிள்ளைகள் இரண்டும் இப்போது பெங்களூரில் இருக்கின்றன. போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார்கள், அக்கா அடுப்படியிலிருந்தே கேட்டுக்கொள்வாள்.

வீட்டை மாடியெடுத்துக் கட்டினார்கள். மேலே மூன்று அறை, கீழே இரண்டு. அதில் ஒன்றுகூட அக்காவுக்கு இல்லை. அண்ணனுக்கும் மதினிக்கும் ஓர் அறை, பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு ஒவ்வோர் அறை, விருந்தாளிக்கு ஓர் அறை, அயர்ன் செய்த துணிக்கு ஓர் அறை. அக்கா ஹாலில் பாய் விரித்துப் படுப்பாள். கட்டி முடித்ததும் அந்த ஹாலில்தான், டாக்டர் பிரஷருக்கு நல்லது என்று சொன்னாரென்று, வாத்தியார் ஒரு மீன்தொட்டி வாங்கி வைத்தார். பார்ப்பதற்கு அண்ணனும் மதினியும், கழுவுவதற்கு அக்கா. அவள் தலைமாட்டில் அந்தத் தொட்டி.

மீன் சும்மா சாகவில்லை. போர் தண்ணியை அப்படியே பிடித்து ஊற்றியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் போர் தண்ணி தெரியுமே, வாயில் வைத்தால் கரிக்கும், பக்கெட்டில் வெள்ளைக்கோடு விழும். “குழாயில வர்ற நல்ல தண்ணியப் பிடிச்சு, ஒரு நாள் வச்சிருந்து ஊத்துங்கக்கா” என்றேன். நல்ல தண்ணி எப்போதோதான் வரும். அதில் குடிக்க, சமைக்க போக மிச்சம் பிடித்துத் தொட்டிக்கு வைத்துக்கொண்டு, தான் போர் தண்ணியில் குளித்தாள். அவள் தலைமுடி செம்பட்டையடித்துப் போனது அந்த வருசம்தான்.

செடி வந்த கதை இன்னும் வேடிக்கை. எங்கள் கடைக்குத் தண்ணிச்செடியெல்லாம் சென்னையிலிருந்து பார்சலில் வரும். ரயிலில் வெந்து, ஈரப் பேப்பருக்குள் பாதி அழுகித்தான் வந்து சேரும். அதிலும் அமேசான் ஸ்வார்டு என்று ஒரு செடி, இலை ஒவ்வொன்றும் வாள் மாதிரி நீட்டமாக, தொட்டிக்கு அழகே அதுதான். அதுதான் முதலில் அழுகும். ஒரு தடவை வந்த கட்டு முழுக்கக் குப்பைக்குப் போயிற்று. அக்கா அன்று கடையில் இருந்தாள். குப்பைக் கூடையைக் கிளறி ஒன்றை எடுத்தாள்.

“நஸீரா, இதுல குருத்து உசிரோட இருக்கே.”

“அத எடுத்துட்டுப் போய் என்னக்கா செய்யப் போறீக? அரைக் கத்தி.”

“முழுக் கத்தி எனக்கு யாரு குடுக்கப் போறா?” என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அன்றிலிருந்து அதற்குப் பெயர் கத்திச்செடி.

நாசர் அவளுக்கு நடும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். குருத்தைக் கல்லுக்குள் புதைக்கக் கூடாது, வேர் மட்டும் உள்ளே போக வேண்டும். இந்தச் செடியை நர்சரியில் தண்ணிக்கு வெளியே வளர்ப்பார்கள், அதனால் தொட்டிக்குள் போனதும் பழைய இலையெல்லாம் கரைந்து போகும், பயப்படக் கூடாது, தண்ணிக்குள்ளேயே பிறக்கிற இலைதான் நிற்கும். அக்கா இதையெல்லாம் ஞானோபதேசம் படிக்கிற பிள்ளை மாதிரி திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நாசர் சொன்னபடியே இலையெல்லாம் கரைந்தது. “அழுகின கீரைய ஹால்ல வச்சிருக்கா பாருங்க” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ரூபி காட்டினாளாம். அக்கா கன்னிவாடிப் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போனபோது, கண்மாய்க்குள் இறங்கி மஞ்சப்பையில் கரம்பை மண் அள்ளி வந்தாள். தோட்டக்காரர்கள் வெள்ளாமைக்கு அடிக்கிற வண்டல் மண் அது. அதைச் சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, வெயிலில் காயவைத்து, வேருக்குப் பக்கத்தில் கல்லுக்கடியில் ஒவ்வொன்றாக அமுக்கினாள். லைட்டை ரூபி அணைத்தால், அவள் தூங்கப் போனதும் இவள் எழுந்து போடுவாள். கரண்டு பில்லுக்காக ஒரு சண்டை வந்தது. சண்டை என்றால் இரண்டு பேர் பேசுவது. இங்கே பேசியது ஒருத்திதான்.

முதல் இலை வந்த அன்று கடைக்கு ஓடி வந்தாள். போன் இல்லாததால் காட்டப் படம் இல்லை. கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள். “இம்புட்டுக்காண்டு வந்திருக்கு. கண்ணாடி மாதிரி.”

அடுத்த மழைக்காலத்துக்குள் அந்தத் தொட்டி காடாகிவிட்டது. நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். என் கடையில்கூட அப்படி ஒரு செடி இருந்ததில்லை. முழங்கை நீளத்துக்கு இலைகள், கரும்பச்சையாக, தண்ணியின் மேல்மட்டத்தில் மோதி மடிந்து கிடந்தன. நாலு மோலி மீன் அதற்குள் ஒளிந்து ஒளிந்து விளையாடின. கிறிஸ்துமசுக்குக் கேக் கொண்டு வந்தவர்களெல்லாம் குடிலுக்கு முன்னால் நின்று ஒரு படம், தொட்டிக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்தார்களாம். “எங்க வீட்டுச் செடி, நல்லா வருது” என்றாள் ரூபி. நட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. அழுகின கீரை அக்காவுடையது, நன்றாக வந்த செடி வீட்டுடையது. உலக வழக்கம்தானே?

அந்தச் செடி பிறகு ஒரு தண்டு விட்டது. தண்டின் கணுவுக்குக் கணு குஞ்சுச் செடிகள். ஒவ்வொன்றிலும் நாலைந்து இலை, நூல் மாதிரி வேர். இதைக் கேட்டதும் நாசர் சோற்றுத் தட்டை விட்டு எழுந்தார்.

“நஸீரா, இது நம்ம ஊருத் தண்ணியிலயே பொறந்த புள்ளைக. ரயில்ல வெந்து வர்றது மாதிரியில்ல, சாகாது. அக்காவ நம்ம மொட்டைமாடியில தொட்டி வச்சு வளக்கச் சொன்னா, நாம சென்னைக்காரன நம்பவே வேணாம்.”

எங்கள் கடைக்கு மேலே ஓர் அறை உண்டு. பழைய சாமான் கிடக்கும். பக்கத்தில் குழாய், கக்கூஸ், முன்னால் மொட்டைமாடி. கட்டடம் என் மாமனார் சேக் பரீதுக்குச் சொந்தம். ஒரு பை தைக்கிற ஆள் அதைக் குடோனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமாவிடம் நானே போய்ப் பேசினேன். செடியை அக்கா வளர்க்கட்டும், அந்த அறையில் இருந்துகொள்ளட்டும், வாடகைக்குப் பதில் செடி. மாமா தாடியைத் தடவினார்.

“மொதல்ல செடிகள மாடிக்குக் கொண்டு வரட்டும். பாத்துட்டுச் சாவியக் குடுக்கிறேன். நோம்பு வரைக்கும் பை தைக்கிறவன நிப்பாட்டி வைக்கிறேன், அதுக்கு மேல ஆகாது.”

நான் அக்காவை மாடிக்குக் கூட்டிப் போய் அறையைக் காட்டினேன். ஒன்றும் பெரிய அரண்மனையில்லை, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், ஒரு சன்னல், அதில் மலைக்கோட்டை கொஞ்சம் தெரியும். அக்கா உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். வெளியே நான் நிற்கிறேன், திறக்கவே காணோம். என்னமோ ஏதோ என்று தட்டினேன். திறந்து, “சும்மாதான் சாத்திப் பாத்தேன்” என்றாள். கண் சிவந்திருந்தது.

“எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சொல்லுவாக நஸீரா. எனக்கு அது இப்பத்தான் வெளங்குது.”

அந்த வாரமே கடைவீதியில் ஒரு பூட்டு வாங்கிவிட்டாள். ஊரெல்லாம் பூட்டு செய்கிற திண்டுக்கல்லில் பிறந்து, இந்த வயசில்தான் தனக்கென்று ஒரு பூட்டு வாங்குகிறாள். நல்ல கனமான பித்தளைப் பூட்டு. அதை வீட்டில் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தாள். அங்கேதான் மதினி கை வைக்க மாட்டாளாம். குஞ்சுச் செடிகளுக்கு வேர் கொஞ்சம் முற்ற வேண்டியிருந்தது. அதற்குள் வீட்டில் சொல்லிவிடலாம் என்று சொன்னாள்.

“இங்க ஒனக்கு என்ன கொற?” என்று கேட்டார் ஆண்டனிராஜ். பிறகு பேப்பரைப் பிரித்துக்கொண்டார். ரூபி நாலு நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒரேயடியாக மாறிப் போனாள். “செல்வி, நீ உக்காரு, நான் வெஞ்சனம் வைக்கிறேன்” என்றாளாம். தன் சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தாளாம். அக்கா இதைக் கடையில் வந்து சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பூனை பாலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் வேறெதையோ பார்த்துவைத்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் சொல்ல மனசு வரவில்லை.

ரூபியின் தாய்வீடு கன்னிவாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அங்கே செபஸ்தியார் கோவில் திருவிழா. வேண்டுதல் உள்ளவர்கள் உப்பும் மிளகும் கொண்டுபோய்ச் சாமி காலடியில் கொட்டுவார்கள், பங்குச் சாமியார் மந்திரித்த உப்பில் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்து வருவார்கள். வீட்டு மூலையில் போட, கிணற்றில் போட, தோட்டத்தில் தூவ. அது அவர்கள் வழக்கம். ரூபியும் வாத்தியாரும் போய்விட்டு, ஒரு துணிப்பை நிறைய கல்லுப்போடு ஞாயிற்றுக்கிழமை திரும்பினார்கள். அதற்குப் பிறகு நடந்ததை அக்கா என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன்.

சாயங்காலம் ஜெபமாலை சொல்லி முடிந்ததும் ரூபி பையோடு தொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். “செல்வி, இந்தத் தடவ ஒனக்காகத்தான் வேண்டிக்கிட்டு வந்தேன். நம்ம வீட்டுல கெணறு இல்ல. நிக்கிற தண்ணி இதுதான். ஒன் செடிக்கே போடுவோம். ஒன் கையாலயே மொதல்ல போடு” என்றாள்.

அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் கடைச் சுவரில் நாசர் எழுதியே ஒட்டியிருக்கிறார், மீனுக்கு நோய் வந்தால் கல்லுப்பு, செடி இருக்கிற தொட்டியில் உப்பு ஆகாது என்று. அக்காவுக்கு நானே படித்துக் காட்டியிருக்கிறேன். ரூபிக்குத் தெரியுமா என்று கேட்டால், கடைக்கு அவளும் இரண்டு தடவை வந்திருக்கிறாள், அவளுக்கும் கண் இருக்கிறது. அதற்கு மேல் நான் சொல்லவில்லை.

“ஏங்க்கா போட்டீக? வேணாம்னு ஒரு வார்த்த சொல்ல வாயில்லையா?” என்று நான் கத்தினேன்.

“சாமி உப்ப வேணாம்னு எப்படிச் சொல்றது நஸீரா? அண்ணன் சிலுவ போட்டுக்கிட்டு நிக்கிறாக. அதோட... எனக்காக வேண்டிக்கிட்டேன்னு மதினி சொன்னாக. எங்கம்மா போனப்பறம் எனக்காகன்னு யாரும் முட்டி போட்டதில்ல. அதக் கேட்டதும் எனக்குக் கையி தானாப் போயிருச்சு.”

அக்கா ஒரு கை போட்டாள். அண்ணன் ஒரு கை. ரூபி ஒரு கை. மந்திரித்த உப்பு மிச்சம் கிடந்து கால் படக் கூடாது என்று, பையிலிருந்த மீதியையும் ரூபி கவிழ்த்துவிட்டாள். கரிக்கிற தண்ணி ஊரில் தூக்கித் தூக்கி நல்ல தண்ணி ஊற்றி வளர்த்த செடி. அதன் இலைமேல் கல்கல்லாக உப்பு உட்கார்ந்தது.

மறுநாள் காலை அக்கா வந்து இதைச் சொன்னதுமே நான் கடையைச் சாத்தினேன். நாசரைப் பிடித்து, நாலு கேன் நல்ல தண்ணியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். தண்ணியை மாற்றிவிட்டால் செடி தப்பிவிடும், ஒரு நாள்தானே ஆகியிருக்கிறது. நாசர் டியூபைத் தொட்டியில் போட்டு, மறுமுனையை வாசல் சாக்கடைக்கு இழுத்தார்.

“ஐயையோ!” என்று ஓடி வந்தாள் ரூபி. “மந்திரிச்ச தண்ணியச் சாக்கடையில விடுவீகளா? நீங்க ஓதின தண்ணிய அப்படி ஊத்துவீகளா?”

எனக்கு வாயடைத்துப் போயிற்று. பேகம்பூர்த் தராசையே பயமுறுத்துகிற வாய். எங்கள் வீட்டிலும் ஓதிக் கொடுத்த தண்ணி மிஞ்சினால், கால் படாத இடமாகப் பார்த்து, செடிமூட்டில்தான் ஊற்றுவோம். அவள் கேட்டது நியாயம்தான், அதுதான் என்னைக் கொன்றது.

“சரி, மண்ணுல ஊத்திருவோம்” என்றார் நாசர். வீட்டைச் சுற்றி வந்து பார்த்தோம். ஒரு சாண் மண் இல்லை. காம்பவுண்டு வரைக்கும் சிமெண்ட் போட்டு டைல்ஸ் பதித்திருந்தார் வாத்தியார். ஊற்றுவதற்கு அந்த வீட்டில் ஒரு செடிமூடுகூட இல்லை. ஒரு பெண்ணுக்கு அறை விடாத வீடு, மண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருக்குமா?

“அப்பச் செடிய மட்டும் பிடுங்கிக் குடுங்க. நான் வாளியில போட்டு எடுத்துட்டுப் போறேன்” என்றேன்.

“நவநாள் ஆரம்பிச்சிருக்கேன்மா” என்றாள் ரூபி, குரலைத் தாழ்த்தி. “ஒம்பது நாளைக்கு மந்திரிச்சத எடத்த விட்டு நகத்தக் கூடாது. முடியவும் தாராளமா எடுத்துட்டுப் போகட்டும். இவளுக்காகத்தானே நான் முட்டி தேயுறேன்?”

நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் தொட்டியைப் பார்த்தார். நாசர் என் கையைப் பிடித்தார். நான் அக்காவைப் பார்த்து, “நீங்க சொல்லுங்கக்கா. ஒங்க செடி. ஒங்க வாயால சொல்லுங்க, நான் பிடுங்குறேன்” என்றேன்.

அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

“இருக்கட்டும் நஸீரா. நவநாள் முடியட்டும். செபஸ்தியார் பாத்துக்கிருவாரு.”

நாலு கேன் தண்ணியையும் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தோம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அந்த வீட்டில் தின்ற உப்புக்குத்தான் அக்கா இத்தனை காலம் நினைத்தாள், குனிந்தாள், கழுவினாள். கடைசியில் அவர்கள் செடிக்கும் உப்புப் போட்டார்கள்.

நவநாளுக்குள் இலைகள் ஓரத்தில் பழுத்து, பிறகு கண்ணாடியாகி, பிறகு வெந்த கீரையாகித் தொங்கின. குஞ்சுகள்தான் முதலில் போயின, பிஞ்சு வேர் தாங்கவில்லை. மோலி மீன்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, அந்த ஜாதிக்கு உப்பு பிடிக்கும். “மீனுக எம்புட்டுச் சுறுசுறுப்பா ஓடுது பாரு, எல்லாம் மந்திரிச்ச உப்பு” என்றாளாம் ரூபி. ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் அக்கா கையை விட்டுக் குருத்தைத் தொட்டுப் பார்த்தாள். அது விரலோடு வந்துவிட்டது.

மாமா நோன்பு வரைக்கும்தான் சொன்னார். அவரோடு சண்டை போட்டேன். “செடி இல்லாம செடிக்காரி எதுக்கும்மா?” என்று கேட்டார். மாடியில் இப்போது பை தைக்கிறவரின் ரெக்சின் ரோல் கிடக்கிறது. அடுத்த பார்சலில் நல்ல குருத்தாகப் பொறுக்கித் தருகிறேன், முதலிலிருந்து தொடங்கலாம் என்று நாசர் சொன்னார். அறை போனாலும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு மூலை ஒதுக்குகிறேன் என்று நானும் சொன்னேன். அக்கா தலையாட்டவில்லை.

“வேணாம் நஸீரா. கேட்டேன், பதில் வந்திருச்சு. எனக்கு எது நல்லதுன்னு சாமிக்குத் தெரியாதா?”

“சாமிக்குத் தெரியும்க்கா. ஒங்க மதினிக்கும் தெரியும். ஒங்களுக்குத்தான் தெரியல” என்றேன். அக்கா எழுந்து போய்விட்டாள். ரொம்ப நாள் கடைப் பக்கம் வரவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. ரூபிமேல் உள்ளதைவிட அவள்மேல்தான் அதிகம்.

ஒரு நாள் மத்தியானம் ரூபியே போன் செய்தாள். வீட்டில் அன்பியக் கூட்டம், பங்குக் குடும்பங்களெல்லாம் வருவார்கள், தொட்டி வெறிச்சென்று கிடக்கிறது, பிளாஸ்டிக் செடி இருந்தால் பெரிசாகப் பார்த்து அனுப்பு என்றாள். நாசர் வெளியூரில் இருந்தார். வேண்டாம் என்று வைத்திருக்கலாம். அக்காவைப் பார்க்க எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சிவப்பும் பச்சையுமாக ஒரு பிளாஸ்டிக் செடியை எடுத்துக்கொண்டு டவுன்பஸ் ஏறினேன்.

அக்காதான் வாசலுக்கு வந்து கேட்டைத் திறந்தாள். நான் உள்ளே வந்ததும் சங்கிலியைச் சுற்றித் திரும்பப் பூட்டினாள். பூட்டு பித்தளை. கனமானது. எனக்கு அதை அடையாளம் தெரிந்தது.

“இது...”

“அரிசி எடுக்கையில மதினி கைக்கு அகப்பட்டுருச்சு. நல்ல பூட்டு சும்மா கெடக்கேன்னு கேட்டுக்குப் போட்டுட்டாக. போன கூட்டத்துல செருப்புத் திருட்டுப் போச்சுல்ல, அதான்.” சாதாரணமாகத்தான் சொன்னாள். “உள்ள வா. டீ போட்டுக்கிட்டிருக்கேன்.” சாவியை உள்ளே கொண்டுபோய் ரூபியின் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஹால் நிறைய ஆள். தொட்டி கழுவித் துடைத்து, மூன்று மோலியோடு பளபளவென்று இருந்தது. ஒன்று செத்துப் போயிருக்க வேண்டும். நான் கதவோரம் செடியோடு நின்றேன். பைபிள் வாசித்து முடித்து, ஆளுக்கு ஆள் தங்கள் வீட்டில் ஆண்டவர் செய்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரூபியின் முறை வந்தது. எழுந்து நின்றதுமே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பு என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதாள்.

“எங்க நாத்தனா வீட்ட விட்டுப் போறேன்னு ஒத்தக் கால்ல நின்னா. ஆரு என்ன சொல்லியும் கேக்கல. நான் செபஸ்தியாருக்கு உப்பு மெளகு வச்சு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். இவ எங்கள விட்டு எங்கயும் போகக் கூடாதுன்னு. நவநாள் முடிஞ்ச கையோட கேட்டது கெடச்சிருச்சு. அவளே வாயத் தொறந்து, நான் எங்கயும் போகல மதினின்னு சொல்லிட்டா.”

“ஆமென்” என்றது ஹால்.

அக்கா அடுப்படி வாசலில் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எனக்காக வேண்டிக்கிட்டாக என்று சொன்னாளே, அந்த வேண்டுதல் என்ன என்று அப்போதுதான் அவளுக்கும் தெரிகிறது. நான் அவளையே பார்த்தேன். தட்டைப் போடு, கத்து, எதையாவது உடை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாரும் சொல்லி முடித்து அமைதியான பிறகு, தனியாக, “ஆமென்” என்றாள். பிறகு டம்ளர்களுக்குள் சீனி போடாத ஒன்றைத் தேடி எடுத்து, சர்க்கரை நோய்க்காரி ரூபியிடம் முதலில் நீட்டினாள்.

பிளாஸ்டிக் செடியைத் தரையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று வாசலுக்கு வந்தேன். கேட் பூட்டியிருந்தது. பின்னாலேயே அக்கா வந்தாள்.

“அதுக்குள்ள கெளம்பிட்டியா?”

“தொறங்கக்கா. நான் போகணும்.”

“சாவி மதினிகிட்ட இருக்கு நஸீரா” என்றாள். “செத்த நேரம் நில்லு. ஜெபம் முடியவும் கேட்டு வாங்கிட்டு வாரேன்.”